முதல் பந்தி பிள்ளைகளுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஐந்து வயது நிறைகிறது. மாலையில் வீட்டு மொட்டைமாடியில் விழா. பிள்ளைகள் 15 பேர், பெரியவர்கள் 22 பேர். கணவர் பிரியாணி சொல்லிவிடலாம் என்கிறார். அன்று கிருத்திகை, அசைவம் கூடாது என்கிறார் மாமியார். மகளோடு படிக்கும் ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. என்ன செய்வது, எவ்வளவு செய்வது?

நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் 16 வருடமாக, ஐம்பது பேருக்கு உட்பட்ட சிறு விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் பிறந்தநாள்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பிரியாணியா இட்லியா என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்த நேரத்தில் யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறந்தநாள் விருந்து சமையலால் கெட்டு நான் அதிகம் பார்த்ததில்லை, நேரத்தால் கெட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

வழக்கமாக நடப்பது இதுதான். அழைப்பில் ஐந்து மணி என்று போட்டிருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஐந்தேகாலுக்குள் வந்துவிடும். நெய்வேலியிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து சேர ஏழரை ஆகும். அவர்கள் இல்லாமல் கேக் வெட்ட முடியாது. அதுவரை பிள்ளைகள் கையில் ஒரு சிப்ஸ் கிண்ணமும் கலர் தண்ணீரும். எட்டுக்குக் கேக், ஒன்பதுக்குப் பிரியாணி. அந்த நேரத்தில் ஐந்து வயதுப் பிள்ளை சாப்பிடுமா? பாதி தூங்கி வழியும், மீதி அழும். இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்த தட்டுகளைக் கொட்டும்போது, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எதையுமே சாப்பிட மாட்டேங்குதுங்க" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் ஆறு மணிக்கே பசியோடு இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை.

அதனால் கல்யாண வீட்டில் பந்தி வைப்பது போல வையுங்கள். முதல் பந்தி பிள்ளைகளுக்கு. ஐந்து மணிக்கு வந்ததும் குடிக்க ஏதாவது. ஐந்தரைக்கு அவர்களுக்கு வயிறார ஒரு தட்டு. ஆறரைக்கு, வெயில் இறங்கியதும் மாடியில் கேக். ஏழேகாலுக்குப் பெரியவர்களுக்குச் சாப்பாடு. சித்தப்பா வரவில்லையென்றால் வீடியோ அழைப்பில் பார்க்கட்டும், அவருக்கான கேக் துண்டு பத்திரமாக இருக்கும். இதை உங்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று மாலை சொன்னால் சண்டைதான் வரும்.

முதல் பந்தியைக் கீழே கூடத்தில் பாய் விரித்து நடத்துங்கள். கத்திரி வெயில் காலத்தில் மாடித் தளம் மாலை ஆறு மணி வரைக்கும் கொதிக்கும். ஐந்து மணிக்கே இரண்டு வாளி தண்ணீர் தெளித்துவிட்டால் கேக் நேரத்துக்குக் கால் வைக்கலாம்.

சரி, அந்தத் தட்டில் என்ன? நம் பக்கத்துப் பிறந்தநாள் தட்டு எல்லோருக்கும் தெரியும்: ஒரு துண்டு கேக், ஒரு பப்ஸ், கொஞ்சம் மிக்சர், ஒரு லட்டு. நானும் பல வருடம் அதையே கொடுத்தேன். திரும்பி வரும் தட்டுகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு மாற்றிக்கொண்டேன். பப்ஸின் மேல்தோலை உரித்துத் தின்றுவிட்டு உள்ளே இருக்கும் மசாலாவைத் தொடவே மாட்டார்கள். உரித்த தோல் வீடு முழுக்கப் பறக்கும், பின்னாலேயே எறும்பு வரும். கோபி 65 பெரியவர்களுக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்குக் காரம். கட்லெட்டை ஒரு கடி கடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டுவார்கள். மிச்சமில்லாமல் காலியாவது எப்போதும் வெள்ளையாக, மென்மையாக, அடையாளம் தெரிகிற உணவு: இட்லி, பூரி, வெண்ணெய் தடவிய ரொட்டி, வெள்ளரிக்காய், தர்பூசணி. ஐந்து வயதில் பிறர் வீட்டில் போய்ப் புதிதாக ஒன்றைத் தின்று பார்க்கும் துணிச்சல் பலருக்கு இருக்காது. உங்கள் கைவண்ணத்தைக் காட்ட ஏழேகால் பந்தி இருக்கிறது.

என் பரிந்துரை குட்டி இட்லி. பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு என்று வைத்தால் 180 வரும். ஒன்றரை லிட்டர் மாவு போதும். வெந்ததும் இறக்கி, உருக்கிய நெய்யில் ஒரு புரட்டு, மேலே கொத்தமல்லி வேண்டாம். பச்சையாக ஏதாவது தெரிந்தால் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்புச் சாம்பார், மிளகாயைக் கண்ணில் காட்டாமல். கூடவே விரல் நீளத்துக்கு நறுக்கிய வெள்ளரி, விதை நீக்கிய தர்பூசணி. அவ்வளவுதான் தட்டு. "வெறும் இட்லியா?" என்று உறவினர் யாராவது முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் மூன்றாம் முறை கேட்பார்கள்.

புதுச்சேரிக்கு யாராவது காலையில் வருகிறார்கள் என்றால் நீளமான பிரெஞ்சு ரொட்டி நாலைந்து வாங்கிவரச் சொல்லுங்கள். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தானே. அதை விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிக் கொடுத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனிக் குஷி. ஆனால் அன்றைய ரொட்டி அன்றைக்கே ஆகவேண்டும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர அதில் கொழுப்பு ஏதும் சேர்ப்பதில்லை, அதனால் மறுநாள் கட்டைபோல் ஆகிவிடும். சாண்ட்விச் செய்வதானால் மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது, கிருமி பயம்தான் காரணம். துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் உப்பும் துளி மிளகும் சேர்த்தால் அதே வேலையைச் செய்யும்.

உங்கள் விருந்தினரில் தம்பி தங்கைகளும் கட்டாயம் வருவார்கள். இரண்டு வயது, மூன்று வயது. அவர்கள் எண்ணிக்கையில் இல்லை, ஆனால் மடியில் இருப்பார்கள். அந்த வயதுக்கு முழுத் திராட்சை, பாப்கார்ன், முழு முந்திரி, கெட்டி மிட்டாய் எதுவும் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். திராட்சை வைத்தே தீரவேண்டுமென்றால் நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். மே மாதம் பண்ருட்டிப் பலா உச்சத்தில் இருக்கும், அதை விட மனசு வராது. சுளையை முழுசாகக் கொடுக்காமல் கொட்டையை எடுத்துவிட்டு நாராகக் கிழித்துக் கொடுங்கள். வழுக்கிக்கொண்டு போகிற பழம் அது. ஓடிக்கொண்டே தின்ன விடாமல் உட்கார வைத்துக் கொடுப்பது அதைவிட முக்கியம், பாய் விரிக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடிக்க என்ன என்று கேட்டால் எலுமிச்சை அல்லது நன்னாரி சர்பத், சர்க்கரை குறைவாக, 150 மில்லி தம்ளரில். இந்த வெயிலில் முதலில் தீர்ந்துபோவது தண்ணீர்தான். நாற்பது பேருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு வாங்கி வையுங்கள், ஒன்று போதாது. மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் கட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்பத்தில் உடைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குடிக்கிற தண்ணீரில் செய்ததில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் முன்னதாகவே கட்டிகளை உறையவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு தின்றால் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும் என்று ஒரு பாட்டியாவது சொல்வார். அதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளைக்குப் போலி இனிப்பு என்று பெற்றோருக்கும் தெரியாமல் வைத்து நடத்திய 23 சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசியபோது, நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. துள்ளுவது சர்க்கரையால் இல்லை, பதினைந்து பேர் ஒரே மாடியில் இருப்பதால். பல்லுக்காகவும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்காகவும்தான் சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறேன். சாயம் வேறு விஷயம். துணிக்குப் போடும் ரோடமைன் பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அதே மாதம் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். கண்ணைப் பறிக்கும் ரோஸ் எதில் இருந்தாலும் ஒருமுறை யோசியுங்கள், கேக் மேலே இருக்கும் ரோஜாப்பூ உட்பட.

கேக்குக்கு வருகிறேன். விருந்துத் துண்டு என்பது 60 கிராம். ஒரு கிலோவில் பதினாறு வரும். 37 பேரில் நான்கைந்து பெரியவர்கள் 'எனக்கு சுகர்' என்று கை காட்டிவிடுவார்கள், ஆக இரண்டு கிலோ போதும். மூன்று கிலோ சொன்னால் ஒரு கிலோ வேலைக்காரம்மாவுக்குப் போகும், போகட்டும் என்றால் அவருக்கென்று தனியாகவே எடுத்து வையுங்கள், மிச்சம் மீதியாகக் கொடுக்காதீர்கள். கிருத்திகை என்பதால் முட்டை சேருமா என்று மாமியாரிடம் இப்போதே கேளுங்கள். சில வீடுகளில் கேக்கில் இருப்பது முட்டையில்லை என்று ஒரு சமாதானம் உண்டு, சில வீடுகளில் கிடையாது. க்ரீம் கேக் மே மாதத்துக்கு எதிரி. வெண்ணெய் க்ரீம் 32, 33 டிகிரியிலேயே தளரத் தொடங்கும், மாடியில் அதற்கு மேல் இருக்கும். ஒருமுறை மதியம் ஒரு மணிக்கே கேக் வந்துவிட்டது, ஃப்ரிட்ஜில் இடமில்லை, மேசையில் வைத்தார்கள். மாலையில் அதன் மேலிருந்த இளவரசி இடுப்புவரை புதைந்திருந்தாள். பிறந்தநாள் பிள்ளை விட்ட அழுகை இன்னும் காதில் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலையிலேயே காலி செய்து வையுங்கள், மெழுகுவத்தி ஏற்றும் நிமிடத்தில்தான் கேக் மாடி ஏறவேண்டும்.

அப்படியே ஒன்று: மெழுகுவத்தி எரியும்போது நுரை ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள். அந்த டப்பாவில் நுரையைத் தள்ளுவதற்கு எரியும் வாயு அடைத்திருப்பார்கள், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

ஜெல்லி கேட்பார்கள் பிள்ளைகள். கடை ஜெல்லியும் மார்ஷ்மெல்லோவும் பெரும்பாலும் ஜெலட்டினில் செய்தவை. ஜெலட்டின் என்பது மாட்டின், பன்றியின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கிருத்திகை வீட்டுக்கும் ஆகாது, உங்கள் மகளுக்கு முஸ்லிம் தோழிகள் இருந்தால் அவர்களுக்கும் ஆகாது. அதற்கு நம் கடற்கரையிலேயே நல்ல பதில் இருக்கிறது: கடல்பாசி. பரங்கிப்பேட்டைத் தோழி ஒருத்தி நோன்புக் காலத்தில் செய்து கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 10 கிராம் கடல்பாசியை 400 மில்லி தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, இழை ஒன்றுகூட இல்லாமல் கரையும்வரை கொதிக்க வையுங்கள். சர்க்கரை சேர்த்து இறக்கி, 600 மில்லி இளநீரை ஊற்றிக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். இளநீர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது, ஊற்றிய இடத்திலேயே கட்டி கட்டியாகிவிடும். வழுக்கையைச் சன்னமாகக் கீறிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். இதன் அருமை என்னவென்றால் ஜெலட்டின் நம் வெயிலில் உருகி ஓடும், கடல்பாசி ஒருமுறை உறைந்தால் 85 டிகிரிவரை உருகாது. காலையிலேயே செய்து குளிரில் வைத்துவிடலாம், மாடிக்குக் கொண்டுபோனாலும் வடிவம் மாறாது. முப்பத்தைந்து துண்டு கிடைக்கும்.

பெரியவர்கள் சாப்பாட்டுக்கு நான் அதிகம் மெனக்கெட மாட்டேன். சீரகச்சம்பாவில் வெஜிடபிள் பிரியாணி, 22 பேருக்கு இரண்டு கிலோ அரிசி, கூட வெங்காயத் தயிர்ப் பச்சடி. குட்டி இட்லி மாவோடு இன்னும் இரண்டு லிட்டர் சேர்த்து வைத்துக்கொண்டால் வயதானவர்களுக்கு இட்லியும் சிதம்பரம் முறையில் கத்திரிக்காய் கொத்சுவும் கொடுக்கலாம். கணவருக்குப் பிரியாணியும் ஆயிற்று, மாமியாருக்குக் கிருத்திகையும் ஆயிற்று. பாயசம் வேண்டாம், கேக் இருக்கிறது. கடைசியில் பலாச்சுளை.

கடையில் சொல்லி வாங்குவதென்றாலும் சரி, வீட்டில் செய்வதென்றாலும் சரி, பிரியாணி ஏழு மணிக்குத்தான் தயாராக வேண்டும். நான்கு மணிக்கே வந்து இறங்கிவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். சமைத்த சோறு வெதுவெதுப்பாக நிற்கும்போதுதான் கிருமி பெருகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தச் சமைத்த உணவும் நிற்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், மே மாதமேதான், மாம்பழ மில்க்‌ஷேக்கை மூன்று மணிக்கே கலந்து பாத்திரத்தில் ஊற்றிவைத்தேன். பவர் கட். ஆறு மணிக்கு முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, கொடுத்துவிட்டேன். அன்று இரவு நான்கு பிள்ளைகள் வாந்தி. யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை, ஆனால் அந்த நான்கு வீட்டுக்கும் மறுநாள் நேரில் போய் நின்றேன். அதிலிருந்து மே மாதத்தில் பாலில் செய்த எதையும் நான் முன்கூட்டிக் கலப்பதில்லை.

தட்டுகளுக்குப் பாக்குமட்டை வாங்குங்கள், பிள்ளைகளுக்குச் சின்ன அளவு. பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன் எல்லாம் 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கவே தடை, பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சிகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது.

உபசரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரியவர்களிடம் "இன்னும் ஒண்ணு வெச்சுக்கோங்க" என்று வற்புறுத்துவது நமக்கு மரியாதை. பிள்ளைகளிடம் அதைச் செய்யாதீர்கள். குறைவாக வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். "உன் வயசுப் பொண்ணு பாரு எப்படிச் சாப்பிடுறா" என்ற ஒப்பீடு அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளையே ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயோடு பந்தியில் அனுப்புங்கள், தோழிகளுக்குத் தானே பரிமாறட்டும். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வந்த அப்பாக்கள் வாசலிலேயே வண்டியைத் திருப்புவார்கள், ஆட்டோக்காரர் வெளியே காத்திருப்பார். அவர்களுக்கு ஒரு தம்ளர் சர்பத்தாவது போகவேண்டும். நான் எப்போதும் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஐந்து பேருக்குச் சேர்த்தே சமைப்பது இவர்களுக்காகத்தான். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் மாவட்டத்தில், வாசலுக்கு வந்தவரைப் பார்த்தும் பார்க்காமல் இருக்க முடியுமா?

இனி அந்தப் பையன். பொதுவாக இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் வீட்டிலிருந்தே ஒரு டப்பா கட்டிக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் ஒன்றாகத் தின்ன, அவன் மட்டும் மூலையில் தன் டப்பாவைத் திறப்பான். ஐந்து வயதில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கென்று தனியாகச் சமைப்பதை விட, முதல் பந்தி முழுவதிலும் வேர்க்கடலையே இல்லாமல் செய்வது சுலபம். நான் சொன்ன தட்டில் ஏற்கனவே இல்லை. ஆனால் அது ஒளிந்து வரும் இடங்கள் பல: செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், இட்லிப் பொடி, சட்னி, மிக்சர், கடையில் ஒரே எண்ணெயில் பொரித்த மற்ற பலகாரங்கள், சில சாக்லேட்டுகள், கேக்கின் ஓரத்தில் ஒட்டும் நொறுக்கு. செக்கெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், அதனால் அன்றைக்குச் சூரியகாந்தி எண்ணெயோ நெய்யோ பயன்படுத்துங்கள். கடலைச் சட்னி எடுத்த கரண்டி சாம்பாரில் விழுந்தாலும் போதும், ஆகவே பெரியவர்கள் பந்தியிலும் கடலைச் சட்னி வேண்டாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பையில் கடலைமிட்டாய்க்குப் பதில் பொரி உருண்டை போடுங்கள்.

முந்திரி வேறு இனம், வேர்க்கடலை வேறு இனம். ஆனாலும் இரண்டும் ஆகாத பிள்ளைகள் உண்டு. நம் மாவட்டத்தில் பண்ருட்டி முந்திரி விழாத கேசரியும் இல்லை, பிரியாணியும் இல்லை. அதனால் ஊகிக்காமல் அவன் அம்மாவிடம் கேளுங்கள்: எவையெல்லாம் ஆகாது, தொட்டாலே ஆகாதா தின்றால்தானா, மருந்து ஏதாவது கொடுத்தனுப்புவாரா, அதை எப்படிக் கொடுப்பது. உதடு வீங்கினாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் அவர் சொன்ன மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே 108ஐ அழைக்கவேண்டும். விழா அன்று நீங்கள் பத்துத் திசையில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், அதனால் இந்த ஒரு பொறுப்பை மட்டும் வீட்டில் நிதானமான ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

கேக் கடைக்குச் சொல்வதற்கு முன்பே அந்த அம்மாவுக்கு போன் செய்துவிடுங்கள். அவர் சொல்வதைப் பொறுத்து கேக்கே மாறலாம்.